மணி திரும்பினால் நீரும் திரும்பியதாகுமா?

கேள்வி: கண்ணாடியின் மேல் பி.டி.எம்.எஸ். (ஒருவகை சிலிக்கோன் ரப்பர்) ஒட்டிச் செய்த, நுண்ணிய நீரோட்டத்துக்கான சிப். சேனல் 2 செ.மீ. நீளம், 100 மைக்ரான் அகலம், 50 மைக்ரான் ஆழம். பி.பி.எஸ். பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் பாஸ்பேட் உப்புக் கரைசல்) சல்பேட் வகை பாலிஸ்டைரீன் நுண்மணிகளைக் கலந்து, இரு முனையிலும் உள்ள 50 மைக்ரோலிட்டர் கிணறுகளில் பிளாட்டினக் கம்பி வைத்து 500 வோல்ட் கொடுக்கிறேன். முதலில் மணிகள் எதிர்மின்முனை (கேத்தோடு) நோக்கி ஒழுங்காக ஓடுகின்றன. அப்புறம் வேகம் குறைகிறது, குமிழி வருகிறது, பத்து நிமிடத்தில் மணிகள் பின்னோக்கிப் போகின்றன. வோல்டேஜைக் கூட்டலாமா? - ஓர் ஆராய்ச்சி மாணவி

பதில்: வேண்டாம். கூட்டினால் குமிழிதான் கூடும். மின்னோட்டம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் மீட்டரைப் பார்த்திருக்க மாட்டீர்கள், இந்த வேலையில் எல்லோரும் முதலில் செய்கிற தவறு அது.

நானே கணக்குப் போட்டேன். பி.பி.எஸ். உப்பு நிறைந்த பஃபர், மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். உங்கள் சேனலில் சுமார் 190 மைக்ரோஆம்பியர் ஓடும். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் சேனலுக்குள் இருக்கும் நீரே 0.1 மைக்ரோலிட்டர்தான். அதில் இறங்கும் வெப்பம் வெளியே போக வழியில்லை என்றால் நொடிக்கு 200 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். கண்ணாடி வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் பிழைக்கிறீர்கள். பி.டி.எம்.எஸ். அந்த அளவுக்கு உதவாது.

கிணறுகளில் நடப்பது இன்னும் மோசம். கம்பிகளில் நீர் பிரிகிறது. பத்து நிமிடத்தில் எதிர்மின்முனையில் ஏறக்குறைய 14 மைக்ரோலிட்டர் ஹைட்ரஜன் உண்டாகும். உங்கள் குமிழி அதுதான். நேர்மின்முனைக் (ஆனோடு) கிணற்றில் 1.2 மைக்ரோமோல் வரை அமிலம் சேரும். அங்குள்ள பஃபரில் அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும் பாஸ்பேட்டோ மொத்தமே 0.5 மைக்ரோமோல். நான்கைந்து நிமிடத்துக்குள் அது தீர்ந்துவிடும். சேனலுக்குள் நுழைவது இந்தக் கிணற்று நீர் என்பதுதான் சங்கடம்.

இதனால் ஏன் ஓட்டம் தளர வேண்டும்? கண்ணாடிச் சுவரிலுள்ள சிலனால் (Si-OH) தொகுதிகள் புரோட்டானை இழந்து எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. அதை ஒட்டி நேர் அயனிகள் ஒரு மெல்லிய படலமாகச் சேர்கின்றன. பி.பி.எஸ்.-இல் அதன் தடிமன் ஒரு நானோமீட்டர்கூட இல்லை. மின்புலம் இழுப்பது அந்தப் படலத்தை மட்டும்தான், மீதி நீர் அதோடு ஒட்டிக்கொண்டு நகர்கிறது. 1809-இல் ராய்ஸ் மாஸ்கோவில் களிமண்ணில் கண்ட எலக்ட்ரோ ஆஸ்மாசிஸ் (மின்புலத்தால் நீர் நகர்வது) இதுவே. அமிலம் வந்தால் சிலனால் புரோட்டானைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். சுவரின் மின்னூட்டம் குறையும், ஓட்டமும் தளரும்.

மணிகள் திரும்பியது வேறு கதை. அவற்றுக்கும் எதிர்மின்னூட்டம் உண்டு. அவை நேர்மின்முனைக்குப் போகப் பார்க்கின்றன, நீர் அவற்றை எதிர்மின்முனைப் பக்கம் அடித்துச் செல்கிறது. நீங்கள் பார்ப்பது இரண்டுக்குமான கழித்தல் கணக்கு. மணிகளின் மேலுள்ள சல்பேட் தொகுதி, அமிலம் சேர்ந்தாலும் மின்னூட்டத்தை விடாது. ஆகவே சுவர் தளர்ந்ததும் மணிகள் ஜெயிக்கின்றன. நீர் இன்னும் முன்னோக்கியே மெதுவாகப் போய்க்கொண்டிருக்கலாம். கிணறுகளின் மட்டத்தையும் பாருங்கள். 1 மி.மீ. உயர வித்தியாசமே இந்தச் சேனலில் நொடிக்கு சுமார் 0.07 மி.மீ. ஓட்டத்தைத் தந்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? பி.பி.எஸ்.-ஐ விட்டு 5 மில்லிமோலார் போராக்ஸுக்கு மாறுங்கள். பி.எச். 9.2, மின்னோட்டம் 10 மைக்ரோஆம்பியருக்குப் பக்கத்தில் இறங்கும், சுவருக்கும் நல்ல மின்னூட்டம் கிடைக்கும். பிளாஸ்மா (அயனியாக்கிய வாயு) கொடுத்து நீர் ஒட்டும்படி செய்த சிப்பை உலரவிடாமல் நீரிலேயே வையுங்கள், காற்றில் விட்டால் பி.டி.எம்.எஸ். பழையபடி நீரை வெறுக்கத் தொடங்கிவிடும். கம்பியைச் சேனல் வாயிலிருந்து தள்ளி, மேல்மட்டத்தில் நிறுத்துங்கள். கிணற்று நீரை அவ்வப்போது மாற்றுங்கள், மாற்றும்போது சப்ளையை அணைத்துவிடுங்கள்.

நீரின் வேகம் வேண்டுமென்றால் மணியை நம்பாதீர்கள். ஹுவாங், கார்டன், ஸேர் மூவரும் 1988-இல் சொன்ன வழி எளிது. நேர்மின்முனைக் கிணற்றில் மட்டும், செறிவு 5 சதவீதம் குறையும்படி நீர்க்கச் செய்த அதே பஃபரை ஊற்றி, மட்டத்தைச் சமன்செய்து, மின்னோட்டத்தைக் கவனியுங்கள். அது குறைந்துகொண்டே வந்து நிலைக்கும் வரை ஆகும் நேரத்தால் சேனலின் நீளத்தை வகுத்தால் வேகம் வந்துவிடும். சுவரின் ஸீட்டா மின்னழுத்தம் (சுவரின் மின்னூட்டத்தால் அதை ஒட்டி எழும் மின்னழுத்தம்) 50 மில்லிவோல்ட் அளவில் இருந்தால் நொடிக்கு 0.9 மி.மீ., அதாவது 22 நொடி போல ஆகும். 40 நொடியைத் தாண்டினால் சேனலை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் ஒருமுறை கழுவி, தண்ணீர், அப்புறம் பஃபர் என்று ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.