பூ உதிர்ந்தால் என்ன கொடுக்கலாம்? வீட்டுத்தோட்டக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் முடிகின்றன: “இதற்கு என்ன கொடுக்கலாம்?” பூ கொட்டுகிறது, என்ன கொடுக்கலாம். இலை கருகுகிறது, என்ன கொடுக்கலாம். பலருக்கும் என் பதில், இப்போதைக்கு எதுவும் கொடுக்காதீர்கள் என்பதுதான். வெயிலிலும் மழையிலும் தவிக்கிற செடி பசியால் தவிக்கவில்லை. வேர் ஒழுங்காக வேலை செய்யாத நேரத்தில் ஊற்றுகிற கரைசலெல்லாம் தொட்டியிலேயே தங்கிப் புதுத் தொல்லையாகிவிடும். பட்டம் (விதைத்து நடும் பருவம்), நிழல், தண்ணீர், வடிகால் இவற்றை முதலில் பார்ப்போம். உரம் அப்புறம்.

கேள்வி: மொட்டை மாடியில் தக்காளி வைத்திருக்கிறேன். பங்குனி வரை நன்றாகக் காய்த்தது. இப்போது கொத்துக் கொத்தாகப் பூத்து அத்தனையும் கொட்டிவிடுகிறது. பஞ்சகவ்யா, மீன் அமிலம், தேமோர் கரைசல் என்று இயற்கை ஊக்கிகள் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். (வளசரவாக்கம், சென்னை)

பதில்: உங்கள் கவனிப்பில் குறை எதுவும் இல்லை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளிப் பூவின் மகரந்தம் வீரியமிழந்துவிடும். மே மாதச் சென்னையில் விடியற்காலையில்கூட 27, 28 டிகிரி இருக்கும். போதாததற்குப் பகல் முழுக்கச் சூடேறிய தளம் இரவெல்லாம் அந்தச் சூட்டைச் செடிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கொட்டப்போகிற பூவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். காம்பின் நடுவில் முழங்கை மாதிரி ஒரு சின்ன மடிப்பு இருக்கும். மஞ்சள் முதலில் அங்கேதான் ஏறும். விரல் பட்டாலே அந்த இடத்தில் கழன்றுவிடும். சூல் பிடிக்காத பூவைச் செடி தானாகவே கழற்றிவிடுகிறது. எந்தக் கரைசலை ஊற்றினாலும் இரவின் சூடு குறையப்போவதில்லை.

பூவைத் தட்டிவிட்டால் காய் பிடிக்கும் என்று சொல்வார்கள். மாசி, பங்குனியில் காலை வேளையில் கொடியை லேசாக ஆட்டிவிட்டால் பலன் இருக்கும், அப்போது மகரந்தம் உயிரோடு இருக்கிறது. கத்திரி வெயிலில் அதுவும் வீண். செடி இன்னும் பச்சையாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கை வெட்டிக் கவாத்து செய்து, பிற்பகல் நிழல் விழும் இடத்துக்கு நகர்த்தி, தண்ணீர் மட்டும் விட்டுக் காப்பாற்றலாம். தண்டு முற்றிக் கட்டையாகிவிட்டதென்றால் பிடுங்கிவிடுங்கள். சென்னைக்குத் தக்காளியின் நல்ல பட்டம் என்று நான் சொல்வது இதுதான்: கார்த்திகையில் கூரைக்குக் கீழே நாற்று விட்டு, மார்கழியில் நட்டு, மாசி பங்குனியில் பறிப்பது. இடைப்பட்ட கோடைக்கு வெண்டை, கொத்தவரை, காராமணி, கத்தரி, தண்டுக்கீரை, கொடிப்பசலை இருக்கவே இருக்கின்றன. கொடிப்பசலையைச் சும்மா கைப்பிடிச் சுவரோரம் ஏற்றிவிடுங்கள், வெயிலைப் பற்றி அது கவலைப்படாது.

வேலூரிலிருந்து இன்னொருவர், காய் சிவக்காமல் மஞ்சளாகவே நிற்கிறது என்று எழுதியிருக்கிறார். அதுவும் வெயில்தான். 30 டிகிரிக்கு மேல் போனால் தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் பொருள் சரியாக உருவாகாது. அடிப்பக்கம் நிறம் மாறத் தொடங்கியதுமே பறித்து, வீட்டுக்குள் காற்றோட்டமான கூடையில் வையுங்கள். நன்றாகப் பழுக்கும்.

கேள்வி: கோடைக்காக 75 சதவீதப் பச்சை நிழல்வலை போட்டேன். செடிகள் வாடவில்லை, ஆனால் நெட்டையாக வளர்ந்து காய்ப்பே இல்லை. (ஸ்ரீரங்கம்)

பதில்: 75 சதவீதம் என்றால் வெளிச்சத்தில் முக்கால் பங்கைத் தடுத்துவிடுகிறது என்று அர்த்தம். நிழல் விரும்பும் அழகுச் செடிகளுக்கு அது சரி. காய்க்கிற செடிக்கு 35 சதவீதம், மிஞ்சினால் 50 போதும். வலையை ஏழடி உயரத்துக்காவது தூக்கிக் கட்டுங்கள், பக்கவாட்டில் மூடாதீர்கள், இல்லையென்றால் சூடு உள்ளேயே தங்கிவிடும். காலை வெயில் செடிக்குத் தேவை. தடுக்க வேண்டியது பிற்பகல் வெயிலை. பழைய பருத்திப் புடவை ஒன்றை மேற்குப் பக்கம் கட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆனி பிறந்ததும் வலையைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: தினம் இரண்டு வேளை தண்ணீர் விட்டும் மதியம் இலை தொங்கிவிடுகிறது. (மதுரை)

பதில்: மண்ணுக்குள் விரலை இரண்டு கணு அளவு நுழைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் விடாதீர்கள். உச்சி வெயிலில் இலை நீரை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடிவதில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் கவலை இல்லை. சாயங்காலமும் தொங்கினால்தான் வேரைச் சந்தேகப்பட வேண்டும்.

கோடையில் செடி வைக்கும் பையின் (க்ரோ பேக்) பக்கச்சுவர் சூடுதான் பலர் கவனிக்காமல் விடும் விஷயம். கறுப்பு க்ரோ பேக்கின் மேற்குப் பக்கத்தை மூன்று மணிக்குத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. அந்தப் பக்கத்து வேரெல்லாம் வெந்துபோகும். ஈரக் கோணிச்சாக்கைச் சுற்றலாம், பைகளை நெருக்கி வைக்கலாம், தளத்தில் நேரடியாக வைக்காமல் செங்கல்மேல் தூக்கி வைக்கலாம். மேல்மண்ணில் காய்ந்த இலை அல்லது கரும்புச் சோகையால் இரண்டங்குல மூடாக்கு அவசியம். இன்னொன்று: வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருவது கொதிநீர். அதை வாளியில் பிடித்துவிட்டு, கைக்குக் குளிர்ந்து வந்த பிறகு செடிக்கு விடுங்கள்.

கேள்வி: போர் தண்ணீர் உப்பு. இலை நுனியெல்லாம் பழுப்பாகக் கருகுகிறது, தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூக்கிறது. காய்கறி வளர்க்க வழியே இல்லையா? (பாலவாக்கம், சென்னை)

பதில்: வழி இருக்கிறது, ஆனால் தண்ணீர் விடும் பழக்கத்தை மாற்ற வேண்டும். உப்புத் தண்ணீரில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டே இருந்தால் தொட்டியில் நாளுக்கு நாள் உப்பு ஏறும். விடும்போது அடித்துளை வழியாகக் கொஞ்சம் வெளியே ஓடும் அளவுக்கு விடுங்கள், அடுத்த தண்ணீரை மேல்மண் காய்ந்த பிறகு விடுங்கள். வெள்ளைப் படிவை மேல்மண்ணோடு சுரண்டி எடுத்துவிடுங்கள். இலைமேல் தெளிக்கவே கூடாது.

நல்ல தண்ணீர் கிடைக்கும்போது தொட்டியைக் கழுவிவிட வேண்டும். பத்து லிட்டர் தொட்டிக்கு இருபது லிட்டர் கணக்கில் மெதுவாக ஊற்றி வடியவிட்டால் சேர்ந்த உப்பில் பெரும்பகுதி இறங்கிவிடும். இதற்கு மழையைவிட நல்லது எதுவும் இல்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் மாடியில் பத்து மில்லிமீட்டர் மழைக்கு ஆயிரம் லிட்டர் வரும். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் வீட்டிலும் குழாய் இருக்கும். தரைக்குப் போகும் அந்தக் குழாயில் ஒரு கிளை எடுத்து டிரம்முக்கு விடுங்கள். அந்தத் தண்ணீரை முதலில் நாற்றுகளுக்கு ஒதுக்குங்கள். உப்பை முளைப் பருவம் தாங்குவதில்லை, வேர் பிடித்து வளர்ந்த செடி ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் உப்பில்லாதது, நாற்றுக்கு உதவும்.

ஆர்.ஓ. கழிவுநீரை மட்டும் செடிக்கு ஊற்றவே ஊற்றாதீர்கள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பல வீடுகளில் இதைச் செய்கிறார்கள். ஆனால் குடிநீரிலிருந்து பிரிந்த உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான். தரை துடைக்கப் பயன்படுத்துங்கள். தேங்காய் நார்க்கழிவையும் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே தொட்டி மண்ணில் கலக்க வேண்டும். கழுவாத கட்டியில் உப்பு நிறைய இருக்கும்.

பயிர்த் தேர்வும் முக்கியம். பீன்ஸ், வெங்காயம், கேரட் உங்கள் தண்ணீருக்குச் சரிப்படாது. பீட்ரூட், பாலக், கொத்தவரை, காராமணி முயன்று பாருங்கள். தக்காளி நடுத்தரம். பழமரத்தில் எலுமிச்சையும் மாவும் சிரமப்படும். தரையில் இடம் இருந்தால் சப்போட்டாவும் இலந்தையும் வரும், தொட்டிக்கு மாதுளை, கொய்யா. பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ மண் பரிசோதனை நிலையத்திலோ தண்ணீரின் மின்கடத்துத் திறனை (உப்பின் அளவைக் காட்டும் எண்) ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்த எண் மீட்டருக்கு 2 டெசிசைமனுக்கு மேல் என்றால் நான் சொன்னதையெல்லாம் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

கேள்வி: ஐப்பசியில் விதைக்கும் கீரையும் மிளகாய் நாற்றும் முளைத்து ஒரு வாரத்தில் சாய்ந்துவிடுகின்றன. புயல் வந்தால் மிச்சமும் போய்விடுகிறது. (கடலூர்)

பதில்: சாய்ந்த நாற்று ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே இலை பச்சையாகவே இருக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடம் மட்டும் நீர் கோத்து, நூல் மாதிரி மெலிந்திருக்கும். அது நாற்றழுகல், மண்ணில் உள்ள பூஞ்சாணத்தால் வருவது. சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. அடுத்த முறை கிலோ விதைக்கு 4 கிராம் என்ற அளவில் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நன்மைப் பூஞ்சாணம்) கலந்து விதையுங்கள், வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை. நெருக்கமாகத் தூவாதீர்கள். நாற்றுத்தட்டு தரையில் படாமல் உயரத்தில், மழை நேரடியாக விழாமல், வெளிச்சம் வரும் கூரைக்குக் கீழே இருக்கட்டும். சன்ஷேடுக்கு அடியில் வைத்தாலும் சரி. கீரையை ஐப்பசிக்குத் தள்ளாமல் புரட்டாசி முதல் வாரத்திலேயே விதைத்துவிட்டால் அடைமழைக்கு முன் ஒரு அறுவடை எடுத்துவிடலாம்.

புயலுக்கு வருவோம். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயலில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்த மாவட்டம் உங்களுடையது. பெரிய மரங்களுக்கே அந்தக் கதி. எச்சரிக்கை வந்ததும் முதலில் கழற்ற வேண்டியது நிழல்வலை. காற்றை வாங்கிக்கொண்டு பந்தல் கம்பியையும் சேர்த்துப் பிடுங்கும். தொட்டிகளை இறக்கிக் கைப்பிடிச் சுவரோரம் நெருக்கமாக வையுங்கள், உயரமான செடிகளைப் படுக்க வைத்துவிடுங்கள். முற்றிய காய்களைப் பறித்துவிடுங்கள். முருங்கையைப் புரட்டாசியிலேயே இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் முறியாது, தையில் மீண்டும் தழைக்கும்.

புயல் போன மறுநாள் இலைகளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், கடற்கரை ஊர்களில் காற்றோடு உப்பும் வந்து படிந்திருக்கும். தொட்டிக்கு அடியிலுள்ள தட்டுகளை எடுத்துவிட்டு, அடைபட்ட துளையைக் குச்சியால் குத்திவிடுங்கள். மண்ணைக் கிளறாதீர்கள், உரம் வைக்காதீர்கள். புதுத் துளிர் வரட்டும்.

கேள்வி: ஆடிக் காற்றில் பப்பாளி சாய்ந்துவிடுகிறது. (பொள்ளாச்சி)

பதில்: பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் ஊரில் ஆனி, ஆடி முழுக்க இருக்கும். வீட்டின் கிழக்குப் பக்கம் நடுங்கள். மேற்கே அகத்தியை நெருக்கமாக வரிசையாக வளர்த்தால் நல்ல தடுப்பு. பப்பாளிக்கு மண்ணை அணைத்து மேடாக்கி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துத் தளர்வாகக் கட்டுங்கள். மேடு இன்னொன்றுக்கும் உதவும்: அடியில் ஒன்றிரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலே பப்பாளி அழுகிவிடும்.

கேள்வி: தொட்டிக் கொய்யாவில் கோடை வந்தால் மாவுப்பூச்சி. (பரமக்குடி)

பதில்: எறும்பை முதலில் தடுங்கள், அதுதான் மாவுப்பூச்சியைப் பாதுகாத்து வளர்க்கிறது. குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். வெயில் தாழ்ந்த பிறகுதான், இல்லையென்றால் எண்ணெய் பட்ட இலை கருகும்.

கேள்வி: இருபது பெரிய டிரம்களில் பழமரம் வைக்க ஆசை. மாடி தாங்குமா? (சேலம்)

பதில்: ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற சுமைக் கணக்கில்தான் பொதுவாக வடிவமைப்பார்கள். பாதியாக வெட்டிய 200 லிட்டர் டிரம்மில் வெறும் தோட்டத்து மண்ணை நிரப்பினால், மழையில் நனைந்த பிறகு ஒன்றே அந்த எடையைத் தாண்டும். மூன்றில் இரண்டு பங்கு நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்தால் எடை குறையும். உத்தரம், தூண், சுவர் இவற்றுக்கு நேர்மேலே மட்டும் வையுங்கள், தளத்தின் நடுவில் வேண்டாம். இருபது என்றால் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டாமல் ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: போன மார்கழியில் ஒரே இரவில் பீன்ஸ் முழுக்கக் கருகிவிட்டது. நோயா? (ஊட்டி)

பதில்: நோய் இல்லை, உறைபனி. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும், கனமான குளிர்காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் மேட்டு வீட்டுத் தோட்டம் தப்பிக்கும்போது கீழ்வீட்டுத் தோட்டம் கருகுகிறது. பகலில் மண்ணை நன்றாக நனைத்து வைத்தால் ஈரமண் கூடுதல் சூட்டைப் பிடித்து இரவில் கொடுக்கும். சூரியன் மறையும் முன் பழைய துணியோ சாக்கோ போட்டு மூடுங்கள், குச்சி நட்டு இலையில் படாமல் தரைவரை தொங்கவிடுங்கள், விடிந்து பனி உருகிய பிறகு எடுங்கள். கருகிய இலைகளை உடனே வெட்ட வேண்டாம், உள்ளே இருக்கும் குருத்துக்கு அடுத்த இரவு அவைதான் போர்வை. பனிக்காலத்துக்கு முட்டைகோஸ், நூல்கோல், கேரட், முள்ளங்கி போடுங்கள். உருளையின் இலையும் பீன்ஸும் பனியைத் தாங்காது. பீன்ஸ் விதையைப் பங்குனி வரை டப்பாவிலேயே வைத்திருங்கள்.