ஏணி அடியில் வழுக்குகிறதே?

கேள்வி: பெயின்டிங் வேலை செய்கிறேன். சுவரில் சாய்த்த ஏணி அடிக்கடி கீழே வழுக்குகிறது. ஒருவர் பிடித்துக்கொண்டால் போதுமா, அண்ணா?

பதில்: போதாது, தம்பி. வழுக்க ஆரம்பித்த ஏணியை, உங்கள் எடையோடு சேர்த்து ஒருவரால் நிறுத்த முடியாது. முதலில் சாய்வைப் பாருங்கள். ஏணி 12 அடி உயரத்தில் சுவரைத் தொட்டால், அதன் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். நாலுக்கு ஒன்று என்பது கணக்கு. அதைவிடத் தள்ளினால் வழுக்கும், ரொம்ப நெருக்கினால் பின்பக்கம் சாயும்.

அப்புறம், ஏணியைப் படுக்கப் போட்டு அடி ரப்பரைப் பாருங்கள். தேய்ந்து வழவழவென்று ஆகி, ஓரத்தில் உலோகம் தெரிகிறதா? ரப்பரை மாற்றும் வரை அந்த ஏணியைத் தொடாதீர்கள். பெயின்ட் சிந்தாமல் இருக்க விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட் மேலேயே ஏணியை நிறுத்துகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். ஷீட்டை விலக்கி, காய்ந்த வெறுந்தரையில் வையுங்கள். மேல் முனையை உறுதியான இடத்தில் கட்டிவிடுங்கள்.

எட்டாத மூலைக்காக உடம்பை வளைக்க வேண்டாம். பெல்ட் பக்கிள் ஏணியின் இரு கம்பங்களுக்கு நடுவிலேயே இருக்கட்டும். எட்டவில்லையா, இறங்கி ஏணியை நகர்த்துங்கள். அலுமினிய ஏணி என்றால் மின்கம்பி பக்கமே கொண்டுபோகாதீர்கள்.