மீன் நிக்குது, இறால் விடியமுதல் சாகுது: யாழ்ப்பாணம் பண்ணைக் கடல்தண்ணி விட்ட மீன்தொட்டி

தொட்டியில மீன் நல்லா நிக்குது, கடையில வாங்கி விட்ட ரெண்டு இறாலும் விடியமுதல் செத்திட்டுது, ஏனெண்டு கேட்டிருந்தீங்கள். தொட்டியில வத்தின அளவுக்குக் கடல்தண்ணி விடாதேங்கோ, உப்பில்லாத நல்ல தண்ணிதான் விடவேணும். ரெண்டு இறாலும் ஒரே இரவில செத்து, மீனுக்கு ஒண்டும் இல்லையெண்டால் நான் உப்பைத்தான் சந்தேகப்படுவன். இந்த வெயிலுக்குத் தண்ணி ஆவியாப் போகும், உப்பு தொட்டிக்குள்ளயே நிக்கும். நீங்கள் கிழமைக்குக் கிழமை பண்ணையில அள்ளி ஊத்த ஊத்த அது ஏறிக்கொண்டே போகும். மீன் தாங்கும், கடைத் தண்ணியிலயிருந்து திடீரெண்டு வாற இறால் தாங்காது.

அடுத்தமுறை இறால் வாற பைத் தண்ணி, தொட்டித் தண்ணி ரெண்டையும் ஹைட்ரோமீற்றரால (தண்ணியின்ர உப்பு அளவு பாக்கிற கருவி) அளந்து பாருங்கோ. ஒப்படர்த்தி 1.023–1.025 நல்லது. கூடவெண்டால் நாளுக்கு 0.001 அளவில இறக்குங்கோ, அவசரப்படாதேங்கோ. இறாலைப் பைத் தண்ணியோட வாளியில வைச்சு, முடிச்சுப் போட்ட சேலைன் குழாயால தொட்டித் தண்ணியைச் செக்கனுக்கு ரெண்டு சொட்டா விடுங்கோ, ஒரு மணித்தியாலமாவது.

கிணத்துத் தண்ணி வேண்டாம். சுண்ணாம்புக்கல் ஊர், தோட்டப்பக்கமெண்டால் நைட்ரேற்றும் இருக்கும். ஆர்.ஓ. தண்ணி (உப்பெல்லாம் வடிகட்டி எடுத்த தண்ணி) விடுங்கோ.

முந்தி மீனுக்கு வந்த வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து விட்டிருந்தால் கதை வேற. அது கல்லில ஊறி நிண்டு இறாலைக் கொல்லும்.

செத்ததெண்டு எடுத்தது இறால் கழட்டிவிட்ட வெறும் கோதோ எண்டும் பாருங்கோ. நான் ஒருக்கா கோதைப் புதைச்சனான், ஆள் கல்லுக்குப் பின்னால நிண்டவர்.