கம்பிய விட்டதும் தண்ணி பழுப்பாயிடுச்சு, எங்க வீட்டுத் தண்ணி விஷமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் அபார்ட்மெண்ட்ல இருக்கோம், போர் தண்ணியத்தான் கொதிக்க வச்சுக் குடிக்கிறோம். போன வாரம் ஃப்ரீ வாட்டர் டெஸ்ட்னு ரெண்டு பேர் வந்தாங்க. டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு, 420 காட்டுச்சு. அப்புறம் ஒரு கிளாஸ்ல எங்க தண்ணி, இன்னொண்ணுல அவங்க கொண்டு வந்த ஆர்ஓ தண்ணி (மெல்லிசான சவ்வு வழியா உப்ப வடிகட்டுற மிஷின்ல வந்தது), ரெண்டுலயும் கம்பிய விட்டு கரண்ட் போட்டாங்க. எங்க தண்ணி பச்சையாகி, பழுப்பாகி, மேல நுரையோட சாக்கடை மாதிரி ஆயிடுச்சு. ஆர்ஓ தண்ணி அப்படியே இருந்துச்சு. இதைத்தான் குடிக்கிறீங்க, கிட்னி போயிடும்னாங்க. மாமனாருக்கு ஏற்கனவே கிட்னில கல், பொண்ணுக்கு 4 வயசு. பயத்துல 2,000 ரூபா அட்வான்ஸ் குடுத்துட்டோம், மிஷின் 18,000. வாங்கலாமா?

பதில்: மொதல்ல பயத்தை விடுங்க. கிளாஸ்ல வந்த அந்தப் பழுப்பு உங்க தண்ணில இருந்தது இல்ல, அந்தக் கம்பில இருந்து வந்தது. கம்பில ஒண்ணு இரும்பு, இன்னொண்ணு பெரும்பாலும் அலுமினியம். தண்ணில உப்புங்க கரைஞ்சிருந்தா அதுல கரண்ட் ஓடும், கரண்ட் ஓடுனா இரும்புக் கம்பி கொஞ்சம் கொஞ்சமா கரையும், கரைஞ்ச இரும்பு மொதல்ல பச்சையா தெரியும், அப்புறம் காத்து பட்டுப் பழுப்பாகும். அதாவது துரு, கேட்டுல பிடிக்குதே அதே துருதான். ஆர்ஓ தண்ணில உப்பு ரொம்ப கம்மி, கரண்ட் சரியா ஓடல, கம்பி கரையல, அதனால தெளிவா நின்னுச்சு. சுத்தமான தண்ணின்னு அதுக்கு அர்த்தம் இல்லவே இல்ல.

அடுத்த தடவ எவனாவது இந்த வித்தையோட வந்தா, அவன் கொண்டு வந்த ஆர்ஓ தண்ணிலயே ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டுக் கம்பிய விடச் சொல்லுங்க. உங்க தண்ணிய விட மோசமா பழுப்பாகும். அதுக்கப்புறம் அந்த ஆள் பைய மூடிட்டுக் கிளம்பிடுவான். நீங்களே அந்தக் கருவிய வாங்கி வீட்ல செஞ்சு பாக்காதீங்க, அது நேரா வீட்டுக் கரண்ட்ல ஓடுறது, சின்னப் பிள்ளை இருக்கிற வீடு.

இந்த மாதிரி ஆளுங்க அசோசியேஷன்ல சொல்லிட்டுத்தான் வந்தோம், கார்ப்பரேஷன்ல இருந்து டெஸ்ட் பண்ண வந்தோம்னு எல்லாம் சொல்லுவாங்க. ஐடி கார்டு கேளுங்க, எந்த லேப்னு கேளுங்க. உண்மையான லேப்காரங்க வீட்டு ஹால்ல உக்காந்து கிட்னிய பத்திப் பேச மாட்டாங்க, சாம்பிள எடுத்துட்டுப் போயி பேப்பர்ல ரிசல்ட் குடுப்பாங்க. மிஷின வித்தப்புறம்தான் இவங்களுக்கு நிஜ வருமானமே, ஏஎம்சின்னு வருஷப் பராமரிப்புக்கு ஒரு தொகை, மெம்பிரேன், அதாவது உள்ள இருக்கிற சவ்வு போயிடுச்சுன்னு ஒரு தொகை, மினரல் கார்ட்ரிட்ஜ், காப்பர், ஆல்கலைன்னு வருஷா வருஷம் புதுசா ஏதாவது. ஆல்கலைன் தண்ணி ரத்தத்தோட அமிலத்தைக் குறைக்கும்னு சொல்றது சுத்தப் பொய். வயித்துக்குள்ள போனதும் அங்க இருக்கிற அமிலம் அதை ஒண்ணுமில்லாம பண்ணிடும், ரத்தத்தோட பிஎச்ச, அதாவது அமில-கார அளவ, 7.35ல இருந்து 7.45க்குள்ள வச்சுக்கிறது நுரையீரலும் கிட்னியும்தான், பாட்டில் இல்ல.

இப்ப அந்த 420. டிடிஎஸ் மீட்டர் தண்ணில கரண்ட் எவ்ளோ ஓடுதுன்னு மட்டும் பாத்து, அதை உப்புக் கணக்கா மாத்திக் காட்டுது. நல்ல உப்பா கெட்ட உப்பான்னு அதுக்குத் தெரியாது. அதை இளநீர்ல விட்டுப் பாருங்க, ஆயிரக்கணக்குல காட்டும், அதுக்காக இளநீர் குடிக்காம இருக்கோமா. சாக்கடை லேசா கலந்து லட்சக்கணக்குல கிருமி இருக்கிற தண்ணில 150ன்னு காட்டும். குடிதண்ணிக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500 லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் ஏத்துக்கலாம்னு சொல்லுது, வேற தண்ணி கிடைக்காத இடத்துல 2000 வரைக்கும்கூட விடுது. உங்களுது 420. உப்பு கூடிப்போச்சுன்னு ஆர்ஓ வாங்க ஒரு காரணமும் இல்ல. 2019 மே மாசம் தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 500க்குக் கீழ இருக்கிற இடத்துல ஆர்ஓவுக்குத் தடை போடுங்கன்னு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவு போட்டுச்சு. வீட்டு ஆர்ஓல ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு லிட்டர் வெளிய கொட்டுது, போர் வத்திக்கிட்டே போற ஊர்ல இது எவ்ளோ பெரிய அநியாயம்.

மாமனாருக்கு வருவோம். கிட்னிக் கல்லுல பெரும்பாலானது கால்சியமும், சாப்பாட்டுல இருந்தும் வர்ற ஆக்சலேட்டும் சேந்த கால்சியம் ஆக்சலேட். பேர்ல கால்சியம் இருக்குன்னு தண்ணில இருக்கிற கால்சியத்தைப் பாத்துப் பயப்பட வேணாம், சாப்பாட்டோட போற கால்சியம் குடல்லயே ஆக்சலேட்டைப் பிடிச்சு வெளிய அனுப்பிடுது. கல் வர்றதுக்குப் பெரிய காரணம் தண்ணி பத்தாம குடிக்கிறது. ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர் சிறுநீர் போற அளவுக்குக் குடிக்கணும், நம்ம வெயில்ல அதுக்கு மூணு லிட்டருக்கு மேலயே வேணும். ஹார்ட் பிரச்சனை, கிட்னி வீக்னு டாக்டர் தண்ணிய அளந்து குடிக்கச் சொல்லியிருந்தா மட்டும் அவர் சொன்ன அளவுதான்.

நீங்க நிஜமா கவலப்பட வேண்டியது கிருமி. 100 மில்லி தண்ணில ஈகோலை, அதாவது மலம் கலந்ததைக் காட்டுற கிருமி, ஒண்ணுகூட இருக்கக் கூடாது. சம்ப் மூடி உடைஞ்சிருந்தா, மழைல தெருத்தண்ணி உள்ள இறங்குனா, செப்டிக் டேங்க் பக்கத்துலயே போர் இருந்தா அது வந்துடும். கொதிக்க வைக்கிறீங்க இல்லையா, நல்லா தளதளன்னு கொதிச்சப்புறம் ஒரு நிமிஷம் விட்டு இறக்குனா போதும், ஆற வச்ச பாத்திரத்துல கைய விட்டு மொள்ளாதீங்க. கொதிக்க வைக்க முடியலன்னா புற ஊதாக் கதிரால கிருமிய கொல்ற யூவி ஃபில்டர் போடுங்க, ஆர்ஓ விலைல பாதிகூட வராது.

ஒரே ஒரு விஷயத்துல நான் ஆர்ஓ பக்கம் நிப்பேன், அது ஃப்ளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி இடத்துல பாறையில இருந்தே போர் தண்ணில கரைஞ்சு வருது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் சரி, 1.5 தாண்டக் கூடாது. டிடிஎஸ் 300தான் காட்டும், ஆனா ஃப்ளோரைடு 3 இருக்கும், மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. நிறம் இல்ல, வாசனை இல்ல, ருசி இல்ல. பல்லு உருவாகுற வயசுல, அதாவது 8 வயசு வரைக்கும் குடிச்ச பிள்ளைங்களுக்குப் பல்லுல வெள்ளைத் திட்டு, பழுப்புக் கோடு விழும், அது போகவே போகாது. வருஷக்கணக்குல குடிச்சா எலும்பு, முதுகு, மூட்டு எல்லாம் இறுகிப் போயிடும். கொதிக்க வச்சா போகாது, தண்ணி ஆவியாகிப் போறதால இன்னும் கூடத்தான் செய்யும். அங்க ஆர்ஓ வேணும், இல்லன்னா ஃப்ளோரைட பிடிச்சு வச்சுக்கிற ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டர். அதுலயும் ஒரு வம்பு இருக்கு, ருசிக்காகன்னு டிடிஎஸ் கண்ட்ரோலர்னு ஒரு திருகாணி வச்சிருப்பாங்க, அதைத் திறந்தா ஆர்ஓவுக்குள்ள போகாத தண்ணி கொஞ்சம் கலந்து வரும், கூடவே ஃப்ளோரைடும் திரும்ப வரும். அந்த ஊர்க்காரங்க அதை முழுசா மூடச் சொல்லணும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தப் பிரச்சனைக்காகத்தான்.

நீங்க தாம்பரம், இருந்தாலும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிடுங்க. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்துல லேப் இருக்கு. போர்ல இருந்து ஒரு சாம்பிள், சமையலறைக் குழாய்ல இருந்து ஒண்ணு, ஈகோலை, நைட்ரேட், ஃப்ளோரைடு மூணும் கண்டிப்பா பாக்கச் சொல்லுங்க. கிருமி டெஸ்ட்டுக்கு பாட்டில அவங்ககிட்டயே வாங்குங்க. இந்த ரிசல்ட்ட எல்லாம் தெருத்தெருவா போர்டுல எழுதிப் போடுறதுக்கு என்ன கஷ்டம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல, லேப் இருக்கு, கெமிஸ்ட் இருக்காங்க, நம்பரும் இருக்கு, அது ஜனங்க கைக்கு வராததாலதான் கம்பியோட ஒருத்தன் வீட்டுக்குள்ள வந்து உக்கார்றான்.

அட்வான்ஸுக்கு இன்னிக்கே வாட்ஸ்அப்ல ஆர்டர் கேன்சல், 2,000 திருப்பிக் குடுங்கன்னு எழுதி அனுப்புங்க, போன்ல மட்டும் சொல்லாதீங்க. ரசீத போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. குடுக்க மாட்டேன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, அந்தக் கம்பி வித்தையையும் சேத்துச் சொல்லிப் புகார் பதியுங்க.