3000 ஹெர்ட்ஸ் கேட்டால் 2200 வருகிறதே, ஏன்?

கேள்வி: 3000 ஹெர்ட்ஸ் கட்-ஆஃப் (சிக்னலை வெட்டத் தொடங்கும் அதிர்வெண்) உள்ள அனலாக் பட்டர்வொர்த் லோபாஸ் ஃபில்டரை (தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் விடும் வடிகட்டி) பைலீனியர் முறையில் டிஜிட்டலாக மாற்றினேன். சாம்ப்ளிங் 8000 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 8000 சாம்பிள். சோதித்தால் 2200-லேயே சிக்னல் இறங்கிவிடுகிறது. கணக்கில் எங்கே தப்பு?

பதில்: கூட்டல் கழித்தலில் தப்பில்லை. அந்த முறையின் குணமே அதுதான். அனலாக்கில் அதிர்வெண்ணுக்கு முடிவே கிடையாது. டிஜிட்டலில் உங்களுக்கு இருப்பது சாம்ப்ளிங்கில் பாதி, 4000 வரைதான். அத்தனையையும் இதற்குள் திணித்தால் மேலே போகப் போக நெரிசல். உங்கள் 3000 நசுங்கி, சுமார் 2208-ல் உட்கார்ந்திருக்கிறது.

நசுங்கப்போகும் அளவுக்கு முன்கூட்டியே இழுத்துவிடுங்கள். ப்ரீவார்ப் என்பார்கள். கால்குலேட்டரை ரேடியனில் வைத்து, 3000-ஐ 8000-ஆல் வகுத்து, பையால் பெருக்கி, டான் எடுங்கள். அதை 8000-ஆல் பெருக்கி பையால் வகுத்தால் 6148 வரும். 4000-ஐத் தாண்டிவிட்டதே என்று பதற வேண்டாம், இது அனலாக் பக்கத்து எண். அதற்கு வடிவமைத்து மாற்றினால் கட்-ஆஃப் 3000-ல் விழும். மற்ற புள்ளிகள் நசுங்கித்தான் இருக்கும்.

ஒரு விதிவிலக்கு, கவனமாகப் படியுங்கள். சைபை (SciPy) என்ற பைத்தான் நூலகத்தின் பட்டர் (butter) ஃபங்ஷனில் டிஜிட்டல் ஃபில்டர் கேட்டால், இந்த இழுப்பை அதுவே செய்துவிடும். அதே சைபையின் பைலீனியர் ஃபங்ஷன் செய்யாது! பட்டருக்கு 6148 கொடுத்தால் பிழை காட்டி நின்றுவிடும், தப்பித்தீர்கள். 1000 ஹெர்ட்ஸுக்காக 1055 என்று இழுத்துக் கொடுத்தால் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு, 1055-லேயே வெட்டும். இழுப்பது ஒருமுறைதான், யார் இழுக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

டிஜிட்டலாக்கும் இன்னொரு முறையான இம்பல்ஸ் இன்வேரியன்ஸில் நசுங்கல் இல்லையே என்று யாராவது வருவார்கள். அங்கே 4000-க்கு மேலுள்ளது மடிந்து கீழே வந்து கலக்கும். உங்கள் வேலைக்கு வேண்டாம். உயர்ந்த அதிர்வெண்களை மட்டும் விடும் ஹைபாஸுக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தேர்வுத்தாளில், இரண்டு சாம்பிளுக்கு இடையிலான நேரம் டி = 1 விநாடி என்று போட்டே பழக்கிவிடுகிறார்கள். விநாடிக்கு ஒரு சாம்பிள்! எந்த ஒலிக்கருவி அப்படி ஓடுகிறது? அந்தப் பழக்கத்தில்தான் ரெடிமேட் புராஜெக்ட் விற்பவர்களும் பிழைக்கிறார்கள். சாம்ப்ளிங் எவ்வளவு என்று எழுதாமல் ஃபில்டரின் குணகங்களை (கணக்கிட்ட பெருக்கு எண்களை) மட்டும் நீட்டுவார்கள். 8000-க்குப் போட்ட உங்கள் குணகங்களையே 44100-ல் ஓட்டினால் கட்-ஆஃப் 16537-க்குப் போய்விடும். அப்படி ஒரு பட்டியல் கைக்கு வந்தால், சாம்ப்ளிங்கைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.