பெடல் ரப்பரைப் பாருங்கள், தம்பி

குன்னூரிலிருந்து இலங்கை மலையகத்தின் அட்டனுக்கு வேலைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, பழைய டொயோட்டா ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், அந்தப் பெயரை இன்னும் நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். வீடு, விசா, பள்ளிக்கூடம் எல்லாம் உங்கள் ஆபீசிலேயே சொல்லிவிடுவார்கள். கார் விஷயத்தை நான் சொல்கிறேன்.

நான் கோத்தகிரிக்காரன். 2011-இல் தேயிலை ஃபாக்டரி வேலைக்கு இங்கே வந்தேன். வந்ததும் கொரோலா 121 என்ற பழைய டொயோட்டா கார் ஒன்று வாங்கினேன். மீட்டரில் 68,000 கிலோமீட்டர். டொயோட்டாதானே என்று வேறு எதையும் பார்க்கவில்லை. இரண்டாம் மாதம் குடும்பத்தோடு கொழும்புக்கு இறங்குகிறோம். கினிகத்தேனை தாண்டி ஒரு வளைவில் மிதித்தால் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. கருகல் நாற்றம். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கம் உரசித்தான் நிறுத்தினேன். பின்சீட்டில் நான்கு வயது மகள்.

கராஜ் பாஸ் (இங்கே மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பிரேக் ஆயிலைக் காட்டினார். டிகாக்ஷன் நிறம். மாற்றாத ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நீள இறக்கத்தில் சூடேறிக் கொதித்துவிடும். அப்புறம் பெடல் ரப்பரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வரி ஒன்றுகூட இல்லை, வழவழவென்று இருந்தது. 68,000 ஓடிய வண்டியில் அப்படித் தேயாது. மீட்டரைக் குறைத்து என் தலையில் கட்டியிருந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

எஞ்சினுக்கு மட்டும் கடைசிவரை ஒன்றும் ஆகவில்லை. அதே எஞ்சினோடு ஒன்பது வருடம் இந்த ஏற்றங்களில் ஓட்டினேன். அதனால் எஞ்சினைப் பொறுத்தவரை பெயர் தகும் என்பேன். ஆனால் கம்பெனி முன்புபோல இல்லை. 2023 டிசம்பரில் அதன் துணை நிறுவனமான டைஹாட்சுவின் பாதுகாப்புச் சோதனை மோசடி முழு அளவில் வெளியே வந்தது. டொயோட்டா பெயரில் விற்கும் ரைஸ் (Raize) கார் அவர்கள் தயாரிப்புதான். 2024 ஜூனில் டொயோட்டாவின் சொந்த கொரோலா ஆக்ஸியோ, கொரோலா ஃபீல்டர், யாரிஸ் கிராஸ் மாடல்களின் சோதனைத் தரவுகள் சரியில்லை என்று தலைவர் அக்கியோ டொயோடாவே மன்னிப்புக் கேட்டார்.

இங்கே 2020 மார்ச் முதல் ஐந்து வருடம் கார் இறக்குமதியே இல்லை. இருந்த வண்டிகளையே ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒன்றுதான். "டொயோட்டாவா, கண்ணை மூடிட்டு வாங்கு" என்று கொழும்பிலேயே இருக்கும் நம்மூர்க்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் இந்த மலையில் ஓட்டுவதில்லை. பாஸ் ஒருவரைக் கூட்டிப்போங்கள். பெடல் ரப்பர், பிரேக் ஆயில், அடித்தளத் துரு, இவற்றைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஹைபிரிட் என்றால் இறக்கத்தில் கியரை B-யில் (எஞ்சின் பிரேக் நிலை, பார்க்கிங் P அல்ல) போட்டு இறங்குங்கள். நான் இந்த ஊர் ஓட்டத்தைக் கற்றுக்கொண்டதும், சிங்களம் பேசப் பழகியதும் அந்தக் கராஜில்தான்.

என் அம்மாச்சி தலவாக்கலைப் பக்கம் பிறந்தவர். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கோத்தகிரிக்கு அனுப்பப்பட்ட குடும்பம். 2014-இல் அவரை அந்தக் கொரோலாவில்தான் பழைய தோட்டத்துக்கு ஏற்றிப்போனேன். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் இறங்கி வெகுநேரம் நின்றார். "இந்தக் கொய்யா மரம் அப்ப இல்லப்பா" என்றார்.