ஒராங்குட்டானைத் தத்தெடுத்தல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு அடுத்த மாதம் பிறந்தநாள். தாயில்லாத ஒராங்குட்டான் குட்டி ஒன்றை அவள் பேரில் தத்தெடுக்கலாம், அதாவது அதன் வளர்ப்புச் செலவுக்குப் பணம் கட்டலாம் என்று இருக்கிறோம். மாதாமாதம் கட்டுவது, பொம்மையோடு சான்றிதழ் என்று வெளிநாட்டு அமைப்புகள் விதவிதமாகப் போட்டிருக்கின்றன. எதை நம்புவது? பணம் அந்தக் குட்டிக்குத்தான் போகுமா? வரிவிலக்கு உண்டா? "போர்னியோ குரங்குக்கு மன்னார்குடியிலிருந்து எதற்குப் பணம்?" என்று என் மாமனார் கேட்கிறார்.

எஸ்., மன்னார்குடி

அன்புள்ள எஸ்.,

அந்தக் குட்டிக்கு மட்டும் போகாது, போகவும் கூடாது. ஒரே குட்டியைப் பலர் தத்தெடுத்திருப்பார்கள். எல்லார் பணமும் பொதுக்கணக்கில் சேர்ந்து, மறுவாழ்வு மையத்திலுள்ள எல்லாக் குட்டிகளுக்கும் பால், மருந்து, பராமரிப்பவர்களின் சம்பளம் என்று பிரியும். இல்லாவிட்டால் படத்தில் அழகாக விழும் குட்டிக்குப் பணம் குவியும், பார்வையில்லாத கிழட்டு ஒராங்குட்டானை யாரும் சீண்டமாட்டார்கள்.

செலவு பெரிது, ஏனென்றால் காலம் பெரிது. காட்டில் குட்டி ஏழெட்டு வருடம் தாயை விட்டுப் பிரியாது. தாயைக் கொன்றால்தான் குட்டியைப் பிடிக்கவே முடியும். அப்படி வரும் குட்டியை முதலில் தனிமைப்படுத்திக் காசநோய், கல்லீரல் அழற்சி எல்லாம் சோதிப்பார்கள், ஏனென்றால் நம் நோய்கள் அதற்கும் தொற்றும். பிறகு வனப்பள்ளி. பராமரிக்கும் பெண்கள் காலையில் குட்டிகளைக் காட்டுக்குள் கொண்டுபோய் மரத்தில் ஏற்றிவிடுவார்கள். எந்தப் பழத்தைத் தின்னலாம், கறையான் புற்றை எப்படி உடைப்பது என்பதெல்லாம் அங்கேதான் பழக்கம். கடினமான பாடம் கூடு கட்டுவது. கிளைகளை உள்பக்கமாக மடித்து, காலால் மிதித்துப் பிடித்து, மேலே இலைக்கொப்புகளைப் பரப்ப வேண்டும். காட்டு ஒராங்குட்டான் அநேகமாக ஒவ்வொரு அந்தியிலும் புதுக்கூடு கட்டும். மனிதர் வீட்டில் வளர்ந்த குட்டி தரையிலேயே உட்கார்ந்துவிடும். தரையில் குடற்புழு தொற்றும், நாய் கடிக்கும், மனிதர் கையிலும் மறுபடி சிக்கும். அந்தப் பழக்கம் போகாதவரை காட்டுக்கு அனுப்பமாட்டார்கள்.

அடுத்த கட்டம் ஆற்றுத்தீவு. ஒராங்குட்டானுக்கு நீந்தத் தெரியாது என்பதால் வேலி வேண்டாம். அங்கே தேறினால் காடு. கழுத்தில் பட்டை கட்டினால் பிய்த்துவிடும், ஆகவே ரேடியோக் கருவியைத் தோலுக்கடியில் வைத்து, ஆட்கள் நடந்தே பின்தொடர்கிறார்கள். உங்கள் குட்டி விடுவிக்கப்பட்டால் செய்தி வருவது குறையும், தத்தெடுப்பை வேறொரு குட்டிக்கு மாற்றச் சொல்லுவார்கள். மகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நிறுவனத்தை எடைபோட இரண்டு சோதனைகள் சொல்கிறேன். பார்வையாளர்கள் குட்டியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள அனுமதித்தால் அந்தப் பக்கமே போகவேண்டாம். நோயும் வரும், மனிதரைக் கண்ட பயமும் போகும். அடுத்ததாக ஆண்டறிக்கையில் எத்தனை மீட்டார்கள், எத்தனை விடுவித்தார்கள், எத்தனை இறந்தன என்று பாருங்கள். சாவையே எழுதாத அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

பணம் கட்டும்போது மாதத் தவணை வேண்டாம். வெளிநாட்டுத் தானியங்கிப் பற்று (ஆட்டோ டெபிட்) நம் வங்கி விதிகளில் அடிக்கடி நின்றுபோகிறது. ஒரு வருடத்துக்கு ஒரே தடவையாகக் கட்டுங்கள். யூபிஐ பெரும்பாலும் செல்லாது. விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையில், வங்கிச் செயலிக்குள் போய் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து, கட்டி முடித்த கையோடு மூடிவிடுங்கள். வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி கேட்காமலே பணம் போய்விடலாம். வங்கி நாணயமாற்றுக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கும். வெளிநாட்டு அமைப்புக்கு நேரடியாகக் கொடுப்பதற்கு நன்கொடைக்கான வரிவிலக்கு கிடையாது. பொம்மையை விட்டுவிடுங்கள். அதன் விலையும் தபால் செலவும் நன்கொடையைத் தின்னும், இங்கே சுங்கவரி வேறு கேட்கலாம்.

மாமனாருக்கு ஒரு கதை இருக்கிறது. 1990களின் நடுவில் இந்தோனேசிய அரசு, போர்னியோ தீவில் தன் பகுதியிலுள்ள மத்திய கலிமந்தான் மாகாணத்தில், ஒராங்குட்டான்கள் வாழ்ந்த சதுப்புக்காடு உட்பட பத்து லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கக் கிளம்பியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வாய்க்கால் வெட்டினார்கள். டெல்டாக்காரருக்குப் பாசன வாய்க்காலும் தெரியும், வடிகாலும் தெரியும். அங்கே வெட்டியதெல்லாம் வடிகாலாகிப் போயிற்று. மக்காத இலைதழை பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்திருந்த கரிமண் காய்ந்தது, 1997இல் தீப்பிடித்து நிலத்துக்கடியிலேயே கனன்றது. அமிலம் மிகுந்த மண்ணில் நெல்லும் விளையவில்லை. அதே மாகாணத்தில் 1999இல் தொடங்கியதுதான் நியாரு மெந்தெங் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம். இப்போது அந்த வாய்க்கால்களைத் தடுப்பணை போட்டு அடைக்கிறார்கள். காடு போன இன்னொரு வழி பாமாயில் தோட்டம். உலகில் அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு நாம்தான், நம் ரேஷன் கடைப் பாக்கெட் உட்பட. அதை வாங்காதே என்று யாருக்கும் நான் சொல்லமாட்டேன், ஆனால் சம்பந்தமே இல்லை என்று மாமனார் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சான்றிதழ் மின்னஞ்சலில்தான் வரும். பெயர் எழுத்தைச் சரிபார்த்து, பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்பே கட்டுங்கள். முதல் தடவை அட்டையை வங்கி மறுப்பது சகஜம்.

அன்புடன்